சான்றிதழ் மூன்றும் வந்துவிட்டன, பணம் அனுப்பலாமா?

பட்டர்வொர்த்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அன்பரின் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். விருதுநகர்ப் பக்கம் உள்ள ஒரு ஏற்றுமதி நிறுவனத்திடம் ஒரு கண்டெய்னர் காய்ந்த மிளகாய் வாங்கப் பேசி முடித்திருக்கிறார். மொத்த விலை 150,000 ரிங்கிட். அதில் 40 விழுக்காடு, அதாவது 60,000 ரிங்கிட், முன்பணம். கம்பெனி பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி (சரக்கு சேவை வரி) சான்றிதழ், ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதி எண்) சான்றிதழ் மூன்றும் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. ஆனால் முன்பணத்தைச் சிங்கப்பூரில் உள்ள "எங்களுடைய இன்னொரு கம்பெனி" கணக்கில் போடச் சொல்கிறார்கள். பேசுகிறவர் தன் தாத்தா ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர், மரியாதையாகப் பேசுகிறார் என்றும் எழுதியிருக்கிறார். "இந்தச் சான்றிதழ்கள் அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பது அவர் கேள்வி.

அன்பரே, நீங்கள் சான்றிதழைப் பற்றிக் கேட்டாலும் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி 60,000 ரிங்கிட்டை அனுப்பலாமா என்பதுதான். இரண்டும் ஒன்றல்ல. மூன்று சான்றிதழும் நூறு விழுக்காடு அசலாக இருந்தும் பணம் போன வழக்குகளை நானே பார்த்திருக்கிறேன். கோலாலம்பூரில் 26 ஆண்டுகளாக கம்பெனி செக்ரட்டரியாக இருக்கிறேன். அதில் பாதிக்கும் மேலான காலம், வெளிநாட்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேரவோ சரக்கு வாங்கவோ போகும் நம் வியாபாரிகளுக்காக எதிர்த்தரப்பைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையும் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறதா? உங்களோடு பேசுகிறவர் அந்த நிறுவனத்தின் ஆள்தானா? சரக்கை அனுப்பும் எண்ணமும் வலுவும் அவருக்கு இருக்கின்றனவா? முதல் கேள்விக்கு ஒரு மணி நேரத்தில் உறுதியான பதில் கிடைக்கும். இரண்டாவதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். மூன்றாவதற்கு யாராலும் முழு உறுதி தர முடியாது. அந்தக் குறையைப் பணம் கொடுக்கும் முறையில்தான் ஈடுகட்ட வேண்டும்.

எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும் நான் விடாமல் பிடிக்கும் ஒரு வழக்கம் உண்டு. எதிர்த்தரப்பு தன் கையால் கொடுத்த எந்தத் தாளையும் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. அதை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, அதில் உள்ள எண்ணை எடுத்து, அவர் கை படாத இடத்தில் போய்ப் பார்ப்பேன். அனுப்பிய பிடிஎஃப்பைத் திருத்துவது பத்து நிமிட வேலை. அரசுப் பதிவேட்டைத் திருத்த அவரால் முடியாது.

கம்பெனியிலிருந்து தொடங்குவோம். இந்தியாவில் பதிவான ஒவ்வொரு கம்பெனிக்கும் சிஐஎன் என்று 21 இலக்கத்தில் ஓர் அடையாளம் உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும் அதைப் படிக்கத் தெரிந்தாலே பாதிக் கதை வெளியே வந்துவிடும். முதல் எழுத்து பங்குச் சந்தையில் உள்ளதா இல்லையா என்பதைக் காட்டும். அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. பிறகு மாநிலத்துக்கு இரண்டு எழுத்து: தமிழ்நாடு என்றால் டிஎன், கோயம்புத்தூர்ப் பதிவாளரிடம் பதிவானது என்றால் டிஇசட். அடுத்த நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. "நாங்கள் இருபது வருடமாக ஏற்றுமதி செய்கிறோம்" என்கிறவரின் எண்ணில் 2023 என்று இருந்தால் கேட்க வேண்டியதுதான். அப்பா காலத்துத் தனிக்கடையைப் பிறகு கம்பெனியாக மாற்றியிருக்கலாம். அது நியாயமான பதில், அதற்கும் பழைய ரசீது இருக்கும். இந்த எண்ணைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் போட்டால் கம்பெனி நடப்பில் இருக்கிறதா, பதிவிலிருந்து நீக்கப்பட்டதா, கடைசியாக எந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தது, இயக்குநர்கள் யார் என்பதெல்லாம் தெரியும். சொத்தின் மேல் வங்கி வைத்திருக்கும் அடமானப் பட்டியலும் அங்கேயே உண்டு. பலர் அதைப் பார்த்ததும் "ஐயோ, கடன்காரக் கம்பெனி" என்று பதறுவார்கள். எனக்கு அது பெரும்பாலும் நல்ல செய்தி. ஒரு வங்கி நேரில் போய்ப் பார்த்துக் கடன் கொடுத்திருக்கிறது என்றால், அங்கே கிடங்கும் சரக்கும் ஏதோ அளவுக்கு இருக்கின்றன என்று பொருள்.

அப்புறம் ஜிஎஸ்டி எண். உங்கள் விஷயத்தில் மிகவும் பயன்படப்போவது இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அது 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து அந்த வியாபாரத்தின் வருமான வரி எண்ணான பான். அந்தப் பத்தில் நான்காவது எழுத்தைப் பாருங்கள். கம்பெனியாக இருந்தால் அது 'சி'. கூட்டு வணிகம் என்றால் 'எஃப்'. தனி மனிதருடைய கடை என்றால் 'பி'. உங்களுக்கு வந்த ஒரு சான்றிதழில் "பிரைவேட் லிமிடெட்" என்று இருந்து, ஜிஎஸ்டி எண்ணுக்குள் 'பி' என்று இருந்தால், இரண்டும் வேறு வேறு ஆளுக்கு உரியவை. தனிக்கடை என்பதாலேயே அவரைக் குறைவாக எண்ண வேண்டாம். தென் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக மிளகாய் வியாபாரம் செய்யும் நாணயமான குடும்பங்கள் பல தனிக்கடையாகவும் கூட்டு வணிகமாகவும்தான் இருக்கின்றன. கம்பெனி என்று சொல்லிக்கொண்டு தனிக்கடையின் எண்ணைக் கொடுப்பதுதான் கோளாறு.

ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைத் தேடலாம், கட்டணம் இல்லை. சட்டப்படியான பெயர், கடைப் பெயர், பதிவு நடப்பில் உள்ளதா, முகவரி, என்ன தொழில் எல்லாம் வரும். அதற்குக் கீழே, மாதாமாதம் படிவம் தாக்கல் செய்த தேதிகளைக் காட்டும் பட்டியல் ஒன்றும் இருக்கும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். தொடர்ந்து தாக்கல் செய்துகொண்டிருப்பவர் உயிரோடு இருக்கும் வியாபாரி. கடைசி எட்டு மாதம் வெறுமையாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பதிவு வகை "காம்போசிஷன்" என்று இருந்தாலும் அப்படித்தான். அந்தச் சலுகைத் திட்டத்தில் இருப்பவர் மாநிலம் தாண்டிச் சரக்கு விற்கக் கூடாது, ஏற்றுமதியும் அந்தக் கணக்கில்தான் சேரும். அப்படிப்பட்டவர் தன் பெயரில் உங்களுக்கு மிளகாய் அனுப்பவே முடியாது.

ஐஇசி என்பது ஏற்றுமதி இறக்குமதிக்கு இந்தியாவின் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் கொடுக்கும் எண். 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு வாங்கியது என்றால் அதுவும் பான் எண்ணேதான். ஆகவே ஜிஎஸ்டி எண்ணின் நடுப் பத்தும் ஐஇசியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் அந்த விவரத்தைப் புதுப்பிக்காவிட்டால் எண் செயலிழந்துவிடும். அந்த இயக்ககத்தின் தளத்திலேயே நிலவரத்தைப் பார்க்கலாம். மிளகாய் ஏற்றுமதி செய்ய இன்னொன்றும் வேண்டும்: கொச்சியில் உள்ள நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்றுமதியாளர் பதிவு. உங்களுக்கு வந்த மூன்றில் அது இல்லை. உணவுப் பொருள் என்பதால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். இந்த இரண்டையும் கேளுங்கள். உண்மையான மிளகாய் ஏற்றுமதியாளருக்கு அது மேசை டிராயரில் இருக்கும் தாள், அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவார்.

இங்கே பெயர்ச் சிக்கலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஆட்களைத் தேடும்போது மற்றவர்களுக்கு இல்லாத தொல்லை இது. சுப்பிரமணியம் மகன் முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அவர் எஸ். முருகன். பாஸ்போர்ட்டில் முருகன் சுப்பிரமணியன். மலேசியாவில் பிறந்திருந்தால் நடுவில் அனாக் லெலாக்கி. சிங்கப்பூரில் அதே இடத்தில் சன் ஆஃப். ஆங்கில எழுத்தில் சுப்பிரமணியத்தை எழுதப் பத்து வழி இருக்கிறது, கடைசி எழுத்து மட்டுமே இரண்டு விதம். ஒரு பெயரைத் தேடி "வழக்கு எதுவும் இல்லை" என்று வந்தால் அதை நம்பி நிம்மதி அடைய முடியாது, வேறு எழுத்தில் இருந்திருக்கும். அதேபோல, அதே பெயரில் ஒரு மோசடி வழக்கு வந்தால் அது இவர்தான் என்றும் சொல்ல முடியாது. ஒருமுறை என் உதவியாளர் அப்படி ஒரு செய்தியை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மனிதரைத் தள்ளிவிடப் பார்த்தார். பிறந்த ஆண்டு பொருந்தவில்லை என்று பார்த்துத்தான் நிறுத்தினோம். ஆகவே பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள். இந்திய இயக்குநருக்கு டின் என்ற எட்டு இலக்க எண் ஆயுள் முழுக்க ஒன்றுதான். அதை வைத்து அவர் வேறு எந்தெந்தக் கம்பெனியில் இருந்தார், அவற்றில் எத்தனை மூடப்பட்டன என்று பார்க்கலாம். நம் நாட்டில் ஒருவர் திவாலானவரா என்று இன்சால்வென்சித் துறையில் தேடுவதும் ஐசி எண்ணை வைத்துத்தான்.

இனி இரண்டாவது கேள்வி. நிறுவனம் இருக்கிறது, சரி. பேசுகிறவர் அந்த நிறுவனம்தானா? நல்ல பெயருள்ள ஒரு ஏற்றுமதியாளரின் சான்றிதழ்களை எங்கிருந்தோ எடுத்து, தன் கைப்பேசி எண்ணோடு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி நடந்தால் நீங்கள் எத்தனை பதிவேட்டைப் பார்த்தாலும் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். இதற்கு நான் செய்வது மிக எளிது. அவர் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, எம்சிஏ பதிவேட்டில் மின்னஞ்சல் தெரிந்தால் அதற்கோ, வாரியத்தின் ஏற்றுமதியாளர் பட்டியலில் உள்ள தொலைபேசிக்கோ தொடர்புகொண்டு, "இன்ன ஆர்டர் பற்றி இன்னார் எங்களோடு பேசுகிறார், உங்களுக்குத் தெரியுமா" என்று கேட்பேன். அடுத்தது நேரலை வீடியோ. இந்தியாவில் ஜிஎஸ்டி பதிவுள்ளவர் தன் எண்ணைக் கடை வாசல் பெயர்ப் பலகையில் எழுதியிருக்க வேண்டும், சான்றிதழை உள்ளே மாட்டியிருக்க வேண்டும் என்பது விதி. "அண்ணே, கிடங்குக்குப் போகும்போது வாசலில் நின்று ஒரு வீடியோ கால் போடுங்கள், போர்டைக் காட்டிவிட்டு அப்படியே உள்ளே சரக்கைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பதிவுசெய்த வீடியோ வேண்டாம், நேரலையாகவே இருக்கட்டும்.

பக்கத்து ஊர்க்காரர் என்பதைப் பற்றி நீங்கள் எழுதியது என் மனதைத் தொட்டது. நாம் அப்படி நம்பிப் பழகிய சமூகம்தான். அந்தக் காலத்தில் பினாங்கு ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கி இருந்தபோது அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரே கூரையின் கீழ் பல கடைகளின் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாண்டுத் தவணையில் ஏஜெண்டு வருவார், போவார். கடன் வாங்கி ஏமாற்றியவனின் பெயர் இங்கேயும் தெரியும், ஊரில் அவன் வீட்டு வாசல் வரைக்கும் தெரியும். ஊர்ப் பெயரைச் சொல்வதற்கு அன்று விலை இருந்ததற்குக் காரணம் அதுதான். இன்று வாட்ஸ்அப்பில் ஊர்ப் பெயரைச் சொல்கிறவருக்கு அப்படி எந்தப் பிணைப்பும் இல்லை. அந்த ஊரில் உங்களுக்கு உறவினர் யாராவது இன்னும் இருந்தால், பஸ் ஏறிப் போய்க் கிடங்கைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். நான் எழுதும் எல்லாப் பதிவேட்டையும்விட அது மேலானது.

இப்போது எனக்கு மிகவும் உறுத்தும் இடத்துக்கு வருகிறேன்: சிங்கப்பூர்க் கணக்கு. இந்திய ஏற்றுமதியாளர் சரக்கை அனுப்பினால் அதற்கான வெளிநாட்டுப் பணம் இந்தியாவுக்குள், தன் வங்கி வழியாக, வந்தாக வேண்டும். 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமா அப்படித்தான் சொல்கிறது. சுங்கத்தில் அவர் தன் வங்கியின் ஏடி கோட் என்ற குறியீட்டைப் பதிந்துதான் சரக்கு ஏற்றுகிறார். பணம் வரவில்லை என்றால் அந்த ஷிப்பிங் பில் (சுங்கத்தில் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவம்) ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் நிலுவையாக நிற்கும், வரியைத் திரும்பப் பெறுவதும் சிக்கலாகும். ஆகவே நேர்மையான ஏற்றுமதியாளருக்குப் பணம் தன் இந்தியக் கணக்குக்கு வருவதுதான் தேவை. வேறு நாட்டில் போடு என்று கேட்டால், தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறார், அல்லது சரக்கு அனுப்பும் எண்ணமே இல்லை.

நியாயமான மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்க் கம்பெனி விருதுநகரில் வாங்கி உங்களுக்கு விற்கலாம். அப்படி ஆயிரக்கணக்கான வியாபாரம் நடக்கிறது. ஆனால் அப்போது உங்களுக்கு விற்பவர் சிங்கப்பூர்க் கம்பெனி. இன்வாய்ஸ் அவர்கள் பெயரில் வர வேண்டும், ஒப்பந்தம் அவர்களோடு இருக்க வேண்டும். நீங்கள் கையில் வைத்திருக்கும் மூன்று சான்றிதழும் விற்பனையாளருடையவை அல்ல, வேறு யாருடையவோ என்றாகிவிடும். அந்தக் கம்பெனியைச் சிங்கப்பூரின் கம்பெனிப் பதிவு அமைப்பான ஏக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் பாருங்கள். பெயரும் நிலவரமும் இலவசம். ஐந்தாறு சிங்கப்பூர் வெள்ளி கட்டினால் இயக்குநர், பங்குதாரர், மூலதனம் உள்ள முழு விவரம் கிடைக்கும். பதிவு எண்ணின் முதல் நான்கு இலக்கம் தொடங்கிய ஆண்டு. சிங்கப்பூரில் ஒரு வெள்ளி மூலதனத்தில் கம்பெனி தொடங்கலாம், உள்ளூர்வாசி ஒருவர் இயக்குநராக இருந்தாக வேண்டும். அதனால் பெயருக்கு ஓர் இயக்குநர் இருப்பதையும், நூறு கம்பெனிக்கு ஒரே முகவரி இருப்பதையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். என் அலுவலக முகவரியிலேயே பல கம்பெனிகள் பதிவாகியிருக்கின்றன. நீங்கள் தேட வேண்டியது ஒன்றே ஒன்று: விருதுநகர் இயக்குநர்களில் ஒருவராவது அந்தச் சிங்கப்பூர்ப் பட்டியலில் இருக்கிறாரா? இல்லை என்றால் "எங்களுடைய இன்னொரு கம்பெனி" என்ற சொல்லுக்கு ஆதாரமே இல்லை.

இருந்தாலும் அதோடு முடிந்துவிடாது. நம் நாட்டு அனுபவமே இதற்குச் சாட்சி. நம் அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி விவகாரத்தில் பில்லியன் டாலர் கணக்கில் பணம் போனது, பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் பதிவான ஆபார் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பிஜேஎஸ் லிமிடெட் என்ற கம்பெனிக்கு. அபுதாபியில் ஆபார் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பிஜேஎஸ் என்று உண்மையான நிறுவனம் ஒன்று இருந்தது. பெயரில் கடைசிச் சொல் ஒன்றுதான் வேறு. தீவுக் கம்பெனியின் இயக்குநர்களோ உண்மையான நிறுவனத்தின் மூத்த அதிகாரிகள். ஆனாலும் 2016 ஏப்ரலில் அபுதாபித் தாய் நிறுவனமான ஐபிஐசி, அந்தக் கம்பெனி எங்கள் குழுமத்தைச் சேர்ந்ததே அல்ல என்று லண்டன் பங்குச் சந்தைக்கு அறிவித்தது. பெயர் ஒத்துப்போனது, ஆள் ஒத்துப்போனார், உடைமை ஒத்துப்போகவில்லை. ஆகவே விருதுநகர்க் கம்பெனியிடமிருந்தே, அதன் பதிவான முகவரியிலிருந்து, "இந்தக் கணக்கு எங்களுடையது" என்ற எழுத்து வராமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

வங்கிக் கடிதமும் அப்படித்தான். சிலர் "எங்கள் கணக்கில் இவ்வளவு இருக்கிறது" என்று வங்கி முத்திரையோடு கடிதம் காட்டுவார்கள். ஜெர்மனியின் வயர்கார்ட் நிறுவனம் பிலிப்பைன்ஸ் வங்கிகள் இரண்டில் 190 கோடி யூரோ இருப்பதாகக் கணக்குக் காட்டியது. 2020 ஜூனில் அந்த வங்கிகளே, இந்தத் தாள்கள் போலி, இவர்கள் எங்கள் வாடிக்கையாளரே இல்லை என்று சொல்லிவிட்டன. சில நாளில் நிறுவனம் திவால். பெரிய தணிக்கை நிறுவனம் பார்த்த கணக்கு அது. வங்கி சொன்னதை வங்கியிடமிருந்தே கேட்க வேண்டும். உங்கள் வங்கி அந்த வங்கியிடம் நேரடியாகக் கேட்டு வாங்கலாம், டிரேட் ஃபைனான்ஸ் பிரிவில் விசாரியுங்கள்.

வேறு நாட்டு நிறுவனங்களோடு வியாபாரம் செய்யும் மற்றவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் வேகமாக இரண்டு வரி. பிரிட்டனின் கம்பெனீஸ் ஹவுஸ் பதிவேடு இலவசம், விரிவானது. ஆனால் 2024 மார்ச் வரைக்கும் கொடுத்த தகவலைத் தட்டிக் கேட்கும் அதிகாரமே அதற்குப் பெரிதாக இல்லை, ஆகவே பழைய பதிவுகளை அப்படியே நம்ப வேண்டாம். ஹாங்காங்கில் தனியார் கம்பெனியின் கணக்கு வெளியே தெரியாது. நம் லாபுவானிலும் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளிலும் பதிவேட்டைப் பொதுமக்கள் மலேசியக் கம்பெனிப் பதிவேடான எஸ்எஸ்எம்மைப் பார்ப்பதுபோலப் பார்க்க முடியாது. அங்கே பதிவானவர்களிடம் உடைமை விவரத்தைச் சான்றளித்த நகலாகக் கேட்டு வாங்குவதைத் தவிர வழி இல்லை, தர மறுத்தால் விலகிவிடுவது என் வழக்கம். கணக்குத் தாக்கல் இல்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். இங்கேயும் சிங்கப்பூரிலும் சிறு குடும்பக் கம்பெனிகளுக்குச் சட்டமே அந்த விலக்கைத் தருகிறது.

மூன்றாவது கேள்வி, சரக்கு வருமா என்பது. இதற்குப் பதிவேட்டைவிட மனிதர்களே உதவுவார்கள். பட்டர்வொர்த்திலேயே இருக்கிறீர்கள். துறைமுகத்தில் இந்தியச் சரக்கை எடுத்துக் கொடுக்கும் ஃபார்வர்டிங் ஏஜென்டுகள் இருவரைக் கேளுங்கள். எந்த ஷிப்பர் பெயரில் தூத்துக்குடியிலிருந்து மிளகாய் வருகிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். விற்பவரிடம் பழைய மலேசிய வாடிக்கையாளர் ஒருவரின் பெயரை வாங்கி, அவரைத் தொடர்புகொள்ளும் எண்ணை மட்டும் நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். விற்பவர் கொடுக்கும் எண்ணில் அவருடைய மைத்துனரே பேசக்கூடும். இன்னொன்றையும் கவனியுங்கள். சரக்கு வந்த பிறகு நீங்கள் 90,000 ரிங்கிட் தர வேண்டும். அவ்வளவு கடனை ஒரு முகம் தெரியாத ஆளிடம் வைக்கப்போகிறவர், உங்கள் எஸ்எஸ்எம் எண்ணைக் கேட்டாரா? எத்தனை வருடமாகக் கடை வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தாரா? நல்ல ஏற்றுமதியாளர்கள் வாங்குபவரை நோண்டி நோண்டிக் கேட்பார்கள், இந்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இசிஜிசியில் காப்பீடு எடுப்பவர் என்றால் அந்த நிறுவனமே உங்களை விசாரிக்கும். உங்களைப் பற்றி ஒன்றுமே கேட்காதவருக்கு அந்த 90,000 தேவைப்படவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வரும். இது சந்தேகம்தான், நிரூபணம் இல்லை. வெள்ளந்தியாக வியாபாரம் செய்கிறவர்களும் உண்டு.

பணம் கொடுக்கும் முறைக்கு வருவோம். முதல் வியாபாரத்துக்கு 40 விழுக்காடு அதிகம். வங்கி வழி எல்சி, அதாவது குறித்த தாள்களைக் காட்டினால் பணம் தருவதாக உங்கள் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம், நல்ல பாதுகாப்பு. ஆனால் எல்சியில் வங்கி பார்ப்பது தாள்களை மட்டும்தான், மூட்டைக்குள் மிளகாய் இருக்கிறதா மண் இருக்கிறதா என்று பார்க்காது. அதனால் சரக்கு ஏற்றும் முன் எஸ்ஜிஎஸ், பீரோ வெரிட்டாஸ் போன்ற ஒரு சோதனை நிறுவனத்தின் அறிக்கையையும் எல்சியின் தாள்களில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். அந்த நிறுவனத்தை நீங்களே நியமியுங்கள். எல்சிக்குச் செலவு கட்டுபடியாகாது என்றால், தாள்களை வங்கி வழியாக அனுப்பி, பணம் கட்டியதும் தாளை விடுவிக்கும் டிபி முறையைக் கேளுங்கள். முன்பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், நான் என் வாடிக்கையாளருக்குச் சொல்வது: முழுதாகப் போனாலும் கடை மூடாமல் தாங்கக்கூடிய தொகை எதுவோ அதற்கு மேல் வேண்டாம். சரக்கு ஏற்றியதற்கான பில் ஆஃப் லேடிங் ரசீதின் நகல் வந்ததும் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் கண்டெய்னர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும், கடைசி எண் சரிபார்ப்பு இலக்கம், மனதில் தோன்றியதை எழுதினால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

வழக்குப் போட்டு வாங்கிவிடலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். சட்டத்தில் வழி இருக்கிறது. நம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை இந்தியாவில் சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்படி நிறைவேற்றக் கேட்கலாம். நடுவர் தீர்ப்பு என்றால் 1958-ஆம் ஆண்டு நியூயார்க் ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் இருக்கின்றன. ஆனால் 60,000 ரிங்கிட்டுக்கு அந்த வழியில் போனால் செலவே அதை விழுங்கிவிடும்.

எல்லாம் சரியாக முடிந்த பிறகும் ஓர் ஆபத்து பாக்கி இருக்கிறது, அதில்தான் நான் பார்த்தவரையில் நம்மவர்கள் அதிகம் இழந்திருக்கிறார்கள். கிள்ளானில் என் வாடிக்கையாளர் ஒருவர், மூன்று வருடம் பழகிய நேர்மையான விற்பனையாளருக்குப் பணம் அனுப்பும் நேரம். "தணிக்கை நடக்கிறது, இம்முறை இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று மின்னஞ்சல் வந்தது. முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அவர் கவனிக்கவில்லை. 80,000 ரிங்கிட் போனது, திரும்பவே இல்லை. அந்த மனிதர் என் எதிரில் உட்கார்ந்து கண் கலங்கியது இன்னும் மறக்கவில்லை. கணக்கு எண் மாறினால், முன்பே தெரிந்த எண்ணில் குரல் கேட்டுப் பேசாமல் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டுத் தெரிந்தால் அந்த நிமிடமே உங்கள் வங்கிக்கும் 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மைய எண்ணுக்கும் அழையுங்கள். உள்நாட்டுக் கணக்கு என்றால் அது மோசடிப் புகாரில் சிக்கியதா என்று போலீசின் செமாக் மியூல் தளத்தில் முன்கூட்டியே பார்க்கலாம்.

நான் இந்திய வழக்கறிஞரோ ஆடிட்டரோ இல்லை. 150,000 ரிங்கிட் வியாபாரத்துக்கு மதுரையிலோ சென்னையிலோ உள்ள ஒரு ஆடிட்டரிடம் பணம் கொடுத்து, பதிவேடும் நீதிமன்றப் பதிவும் பார்த்து ஓர் அறிக்கை வாங்குவது வீண் செலவு அல்ல. உங்கள் விற்பனையாளர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை, அவரை எனக்குத் தெரியாது. சிங்கப்பூர்க் கணக்கு ஒன்றுக்காகவே இப்போது அனுப்ப வேண்டாம் என்கிறேன்.

நாளைக்கு அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அண்ணே, பணத்தை விருதுநகர்க் கம்பெனியின் இந்திய வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிடுகிறேன், விவரம் கொடுங்கள்." என்ன பதில் வந்தது என்று இங்கே எழுதுங்கள். ஜிஎஸ்டி எண்ணை முழுதாகப் பொதுவில் போட வேண்டாம். இடமிருந்து ஆறாவதாக இருக்கும் எழுத்து எது, சான்றிதழில் உள்ள பெயருக்குப் பின்னால் "பிரைவேட் லிமிடெட்" இருக்கிறதா என்று மட்டும் சொன்னால் போதும், மேற்கொண்டு பார்க்கிறேன்.